உள்ளாட்சிகள் கூடிக் காப்பீட்டுச் செலவைப் பகிர்வது எப்படி: கடலூர், புதுச்சேரிப் புதியவர்களுக்கு

நகராட்சிக் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், முதல்முறை மன்ற உறுப்பினர் ஆனவர்கள், ஊராட்சி செயலராக வந்து ஓராண்டு ஆகாதவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குப்பை லாரிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் கோப்பு ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் மேசைக்கு வரும். போன ஆண்டைவிடத் தொகை கூடியிருக்கும். வேறு வழியில்லை என்று கையெழுத்தாகிப் போகும். பக்கத்து நகராட்சியிலும் அதே மாதம் அதே மாதிரி ஒரு கோப்பு ஓடியிருக்கும். இரண்டு அலுவலகமும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்காது.

கடலூர் மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, 6 நகராட்சிகள், 14 பேரூராட்சிகள், சுமார் 680 ஊராட்சிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள். ஒவ்வொன்றுக்கும் வண்டி உண்டு, கட்டடம் உண்டு, தெருவில் இறங்கி வேலை செய்யும் ஆட்கள் உண்டு. இவை சேர்ந்து இழப்பைச் சுமக்க முடியுமா, முடியும் என்றால் எதிலிருந்து தொடங்குவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பூல் என்றால் என்ன

இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிய இடம் அமெரிக்கா. அங்கே 1970-களிலும், அதைவிடக் கடுமையாக 1985, 1986 வாக்கிலும், உள்ளாட்சிகளுக்குப் பொறுப்புக் காப்பீடு, அதாவது தம்மால் மற்றவருக்கு நேர்ந்த பாதிப்புக்கு ஈடு தரும் காப்பீடு, கிடைப்பதே அரிதாகிவிட்டது. பிரீமியம் பல மடங்கு ஏறியது. சில நிறுவனங்கள் பாலிசியைப் புதுப்பிக்கவே மறுத்தன. வழக்கு வந்தால் தாங்க முடியாது என்று விளையாட்டுத் திடலைப் பூட்டிய ஊர்கள் உண்டு. அந்த நெருக்கடியில் ஊர்கள் சேர்ந்து தங்களுக்குள் பொது நிதி ஏற்படுத்தின. அதைத்தான் ரிஸ்க் பூல் என்கிறார்கள். இன்று அங்குள்ள பெரும்பாலான நகரங்களும் கவுண்டிகளும் பள்ளி மாவட்டங்களும் ஏதாவது ஒரு பூலில் உறுப்பினர்கள். பல மாநிலங்களில் இதற்குச் சட்டமே உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் இத்தகைய பூல்கள் தனிச் சட்டப்படி மாநில அரசின் கண்காணிப்பில் இயங்குகின்றன.

நம் ஊர் சீட்டோடு ஒப்பிட்டால் பாதி புரியும். பலர் மாதாமாதம் போடுகிறார்கள், ஒருவர் எடுக்கிறார். ஆனால் சீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை பணம் கைக்கு வந்தே தீரும். பூலில் அடிபட்டவருக்கு மட்டும்தான் வரும். பத்து ஆண்டு கட்டியும் ஒரு ரூபாய் வாங்காத பேரூராட்சி, "நாம் ஏமாந்துவிட்டோம்" என்று நினைக்க ஆரம்பித்தால் பூல் அன்றோடு ஆட்டம் கண்டுவிடும். சேரும்போதே மன்றத்தில் இதைத் திறந்து பேசிவிட வேண்டும்.

பணம் மூன்று அடுக்காக நிற்கும். சின்ன இழப்பை, உதாரணத்துக்கு 25,000 ரூபாய் வரை, அந்தந்த உள்ளாட்சியே தன் சொந்த நிதியிலிருந்து கொடுத்துக்கொள்ளும். அதற்கு மேல், உதாரணத்துக்கு 10 லட்சம் வரை, பூல் கொடுக்கும். அதையும் தாண்டினால் பூல் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் மறுகாப்பீடு, அதாவது பெரிய இழப்புக்காகப் பூல் தனக்கே வாங்கும் காப்பீடு, கொடுக்கும். முதல் அடுக்கு ஏன் தேவை? கண்ணாடி உடைந்ததற்கெல்லாம் க்ளெய்ம் போட்டால் நிதியைவிட அலுவலகச் செலவு பெருகும். அதோடு, தன் பணமும் கொஞ்சம் போகும் என்று தெரிந்தால்தான் டிரைவரையும் வண்டியையும் ஒழுங்காகக் கவனிப்போம்.

நம் சட்டத்தில் எதுவரை போகலாம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கூட்டமும் போட வேண்டாம். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற நிறுவனம் தவிர வேறு யாரும் காப்பீட்டுத் தொழில் செய்ய முடியாது. பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனம் தொடங்க 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். ஆகவே பத்து நகராட்சிகள் ஒரு வங்கிக் கணக்கு திறந்து, தங்களுக்குள் பாலிசி எழுதிக்கொள்வது இங்கே நடக்காது. அமெரிக்க மாதிரியை அப்படியே எடுத்து வைக்க இடமில்லை.

ஆனால் கதவு முழுக்க மூடியும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவுதான் தேர்ட் பார்ட்டி காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டை, கட்டாயமாக்குகிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, உள்ளாட்சியின் வாகனங்களுக்கு அரசு ஆணை மூலம் விலக்கு தரலாம் என்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: விபத்து இழப்பீட்டைக் கொடுக்க அந்த அமைப்பு விதிப்படி தனி நிதி ஏற்படுத்தி, அதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இதே வழி இருக்கிறது. அபாயகரமான பொருள்களைக் கையாளுவதற்கான 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்திலும் இதே மாதிரி விலக்கு உண்டு.

நிதி வைத்துப் பராமரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் அடிக்கடி செய்தியில் பார்க்கிறோம். இழப்பீடு கட்டாததால் நீதிமன்ற உத்தரவுப்படி அரசுப் பேருந்து ஜப்தி செய்யப்பட்டு, பயணிகள் நடுவழியில் இறக்கிவிடப்படுவார்கள். குடும்பத்தலைவரை இழந்த வீடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் அந்த ஜப்தி வருகிறது. நிதி என்று பெயர் வைத்தால் போதாது. அதில் பணம் இருக்க வேண்டும், கேட்ட மாதத்தில் வெளியே வர வேண்டும்.

அப்படியானால் நம் பக்கம் யதார்த்தமான வரிசை இதுதான்: முதலில் கூட்டுப் பதிவேடு, அடுத்து கூட்டாகப் பாலிசி வாங்குவது, அப்புறம் அரசாணை பெற்றுப் பொது நிதி. அரசாணை இல்லாமல் மூன்றாவதுக்குப் போகவே கூடாது. முதலில் தணிக்கை ஆட்சேபணை வரும், பிறகு வழக்கு வரும்.

உள்ளாட்சிகள் சேர்ந்து பணம் திரட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தண்ணீர், சுகாதாரப் பணிகளுக்காக 2002 வாக்கில் கூட்டு நிதியம் ஒன்று உருவாக்கப்பட்டு, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட சிறிய உள்ளாட்சிகள் அதன் வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய்க் கடன் பத்திரம் வெளியிட்டன. தனியாகப் போயிருந்தால் அந்த ஊர்களில் பலவற்றைச் சந்தை திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அது கடன், இது காப்பீடு. ஆனாலும் "உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரு கணக்கு நடத்த முடியாது" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

முதல் படி: இழப்புப் பதிவேடு

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் உள்ளாட்சிக்கு என்னென்ன இழப்பு வந்தது என்பதை ஒரே இடத்தில் எழுத வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தெரியும். செய்யும்போது தகவல் நாலு பிரிவில் சிதறிக் கிடப்பது புரியும். வண்டி விபத்து பொறியியல் பிரிவின் லாக் புக்கில் இருக்கும். வழக்கு விவரம் வழக்கறிஞரிடம் இருக்கும். தூய்மைப் பணியாளருக்கு அடிபட்டது சுகாதார ஆய்வாளருக்குத்தான் தெரியும். மழையில் சுற்றுச்சுவர் விழுந்தது பராமரிப்புச் செலவோடு கலந்து போயிருக்கும்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி போதும். நடந்த தேதி, இடம், எந்த வண்டி அல்லது எந்தக் கட்டடம், என்ன நடந்தது, யாருக்குப் பாதிப்பு, காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானதா, இதுவரை கொடுத்த தொகை, இன்னும் கொடுக்க வேண்டி வரலாம் என்று மதிப்பிடும் தொகை, இன்ஷூரன்ஸ் நிறுவனம் தந்தது எவ்வளவு. பணம் எதுவும் கொடுக்காத சம்பவத்தையும் எழுதுங்கள். ஒரே வளைவில் குப்பை வண்டி மூன்று முறை சுவரில் உரசியிருந்தால், நாலாவது முறை அங்கே ஒரு மனிதர் நிற்கக்கூடும்.

"இன்னும் கொடுக்க வேண்டி வரலாம்" என்ற கட்டத்தைப் புதியவர்கள் காலியாக விட்டுவிடுவார்கள். விபத்து இன்று நடக்கும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உத்தரவு வர ஆண்டுகள் ஆகும். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் சேர்ந்துகொண்டே போகும். கொடுத்த பணத்தை மட்டும் கணக்கெடுத்தால் இந்த ஆண்டு இழப்பே இல்லாததுபோல் தெரியும். பூல்களை உள்ளிருந்து அரிப்பது இந்தப் பொய்யான நிம்மதிதான். வழக்கறிஞரிடம் ஒவ்வொரு வழக்குக்கும் உத்தேசத் தொகை கேட்டு எழுதி வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

ஊராட்சிகளில் இவ்வளவு தகவல் இருக்காது, பரவாயில்லை. டிராக்டர், பேட்டரி வண்டி, மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு, ஊராட்சி மன்றக் கட்டடம் என்று ஐந்தாறு தலைப்பில் நினைவில் இருப்பதைத் தூய்மைக் காவலர்களிடமும் பம்ப் ஆபரேட்டரிடமும் கேட்டு எழுதினாலே நல்ல தொடக்கம். பேட்டரி வண்டிகளில் பதிவெண் உள்ளது, இல்லாதது என இரண்டாகப் பிரித்து வையுங்கள். காப்பீட்டு விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாம் படி: சொத்துப் பட்டியலும் உண்மையான மதிப்பும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகராட்சி மன்றம். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டினார்கள். அப்படி ஒரு கட்டடத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் தேய்மான மதிப்புக்கும், அதே மாதிரி திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கும் சம்பந்தமே இருக்காது.

காப்பீட்டில் இது நேரடியாகப் பணத்தைத் தொடும். திரும்பக் கட்ட 1 கோடி ஆகும் கட்டடத்தை 60 லட்சத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்திருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு 10 லட்சம் வராது. குறைத்துக் காட்டிய விகிதப்படி 6 லட்சம்தான் வரும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போடுவது, அடிபடும் நாளில் நம் கையையே வெட்டிவிடும். பூலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் அவர் பங்கையும் சேர்த்து மற்றவர்கள்தான் சுமப்பார்கள். அதனால் எல்லா உறுப்பினருக்கும் ஒரே மதிப்பீட்டு முறை வேண்டும். பொதுப்பணித் துறையின் அன்றைய விலைப்பட்டியலை வைத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கட்டட வகைவாரியாகப் போட்டால் போதுமானது.

மூன்றாம் படி: அன்றாட இழப்பையும் புயலையும் பிரித்து வைப்பது

நம் கடற்கரைக்கு இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

பூல் என்ற ஏற்பாடே எல்லோருக்கும் ஒரே நாளில் அடிபடாது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. வண்டி விபத்துக்கு அது பொருந்தும். பண்ருட்டியில் லாரி மோதிய அன்றே சிதம்பரத்திலும் நெல்லிக்குப்பத்திலும் மோதப் போவதில்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எந்த ஊர் தப்பியது? தெருவிளக்கு, மரம், கூரை, பம்ப் அறை எல்லாம் ஒரே இரவில் போயின. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அந்த நீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரத்தை மூழ்கடித்தது. பக்கத்து ஊர்கள் மட்டும் சேர்ந்த பூல் இப்படி ஒரு வாரத்தில் காலியாகிவிடும்.

நியூசிலாந்தில் இது நடந்தே இருக்கிறது. அங்குள்ள உள்ளாட்சிகள் 1993-இல் பேரிடருக்கென்றே ஒரு கூட்டு நிதி தொடங்கின. மண்ணுக்கடியில் இருக்கும் குழாய்களையும் கழிவுநீர்ப் பாதைகளையும் சீரமைப்பதற்கான நிதி அது. 2010, 2011-இல் கேன்டர்பரி நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்ததில் அந்த நிதி வற்றிப்போனது. பல உறுப்பினர்கள் விலகினார்கள். நல்ல நோக்கம், ஒழுங்கான நிர்வாகம் எல்லாம் இருந்தும், சேர்த்து வைத்ததைவிடப் பெரிய அடி ஒரே பகுதியில் விழுந்துவிட்டது.

ஆகவே பதிவேட்டை இரண்டாகப் பிரியுங்கள். வண்டி விபத்து, பணியாளர் காயம், திறந்த கால்வாயில் விழுந்தவர், மின்கசிவு, மரம் விழுந்து சேதமான கார், திருட்டு ஆகியவை ஒரு பக்கம். இவற்றைக் கூடிச் சுமக்கலாம். புயல், வெள்ளம், சுனாமி இன்னொரு பக்கம். இவற்றை நமக்குள் பகிர்ந்து தீராது. சொத்துப் பாலிசியில் புயல், வெள்ளப் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, பெரிய நிறுவனத்தின் தோளில் ஏற்றிவிட வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதி வரும் என்று இருந்துவிடலாமா? அது உடனடி நிவாரணத்துக்கானது. உங்கள் நகராட்சி மண்டபத்தைப் பழையபடி கட்டித் தர ஏற்பட்டதல்ல.

பேரிடருக்கு இன்னொரு வகைக் காப்பீடும் உண்டு. மழை இத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால், காற்று இத்தனை வேகத்தைத் தொட்டால், சேதத்தைக் கணக்கெடுக்காமலே குறித்த தொகை வந்துவிடும். கரீபியன் நாடுகள் 2007-இல் இப்படி நாடுகளுக்கிடையிலான ஒரு பூலையே தொடங்கின. இந்தியாவில் நாகாலாந்து மாநிலம் இந்த வகைப் பாலிசி வாங்கியிருக்கிறது. இது மாநில அளவில் முடிவாக வேண்டியது. ஒரு பேரூராட்சி தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: யாரோடு சேருவது

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் புதுச்சேரிக்கு வரைபடத்திலேயே ஒரு சாதகம் இருக்கிறது. அதன் ஐந்து நகராட்சிகளும் ஒரே கடற்கரையில் இல்லை. புதுச்சேரி, உழவர்கரை இங்கே. காரைக்கால் தெற்கே காவிரிப் படுகையில். ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிப் பக்கம். மாஹே கேரளக் கரையில், அரபிக்கடலை ஒட்டி. ஒரே புயல் நான்கு பகுதியையும் அடிக்காது. மாஹேவும் ஏனாமும் சின்ன ஊர்கள், அவற்றின் பங்கு பெரிதாக இருக்காது. ஆனாலும் ஒரே அரசின் கீழ், ஒரே 1973-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் கீழ், இவ்வளவு பரவிக் கிடக்கும் உள்ளாட்சிகள் அபூர்வம். ஒரு ஆணையில் முடியக்கூடிய விஷயம்.

கடலூர்க்காரர்களுக்குப் பாகூர் கொம்யூன் கூப்பிடு தூரம். வயலுக்கு வயல் எல்லை மாறும். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் இரண்டு அரசு, இரண்டு சட்டம், இரண்டு தணிக்கை. அதோடு ஒரே தென்பெண்ணை வெள்ளத்தில் இரண்டும் நனையும். கடலூர் உள்ளாட்சிகள் உள்மாவட்டங்களில், சேலம், திருச்சிப் பக்கம், கூட்டாளி தேடுவது மேல். கடலோரத்தில் அடிக்கும் அளவுக்குப் புயல் அங்கே அடிக்காது.

அளவும் பார்க்க வேண்டும். ஒரு பெரிய மாநகராட்சியும் இருபது சின்னப் பேரூராட்சிகளும் சேர்ந்தால், மாநகராட்சியின் ஒரே விபத்து மற்றவர்களின் ஓராண்டுப் பங்கை விழுங்கிவிடும். ஏறக்குறைய ஒத்த அளவுள்ளவர்கள் முதலில் சேர்ந்துவிட்டு, பெரியவர்களைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: பங்குத் தொகை போடுவது

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு. அ, ஆ, இ என்று மூன்று நகராட்சிகள். வண்டிகள் முறையே 60, 30, 10. மொத்தம் 100.

ஐந்தாண்டுப் பதிவேட்டில் அ 24 லட்சம், ஆ 23 லட்சம், இ 3 லட்சம் இழப்பு. மொத்தம் 50 லட்சம், ஆண்டுக்கு 10 லட்சம். இதோடு மறுகாப்பீட்டுக்கு 6 லட்சம், நிர்வாகத்துக்கு 2 லட்சம், கையிருப்புக்கு 2 லட்சம் சேர்த்தால் ஆண்டுக்கு 20 லட்சம் திரட்ட வேண்டும்.

வண்டி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரித்தால் அ 12, ஆ 6, இ 2 லட்சம். ஆனால் ஆ நகராட்சியின் இழப்பு அதன் வண்டிகளுக்கு அதிகம். வண்டிக் கணக்குப்படி 50 லட்சத்தில் அதன் பங்கு 15 லட்சமாக இருந்திருக்க வேண்டும், ஆனது 23 லட்சம். அ-வுக்கு 30 எதிர்பார்த்து 24, இ-க்கு 5 எதிர்பார்த்து 3. இந்த வித்தியாசத்தைச் சதவீதமாக்கி, அதில் பாதியை மட்டும் பங்கில் காட்டுவோம். ஆ-வின் இழப்பு எதிர்பார்த்ததைவிட சுமார் 53 சதவீதம் அதிகம், அதில் பாதி அதன் 6 லட்சத்தில் ஏறும்; அ-வுக்கு 20 சதவீதமும் இ-க்கு 40 சதவீதமும் குறைவு, அவற்றில் பாதியான 10, 20 சதவீதம் அவர்கள் பங்கில் குறையும். அப்போது அ 10 லட்சத்து 80 ஆயிரம், ஆ 7 லட்சத்து 60 ஆயிரம், இ 1 லட்சத்து 60 ஆயிரம். கூட்டினால் அதே 20 லட்சம்.

ஏன் பாதி மட்டும்? முழுவதையும் ஏற்றினால் ஒவ்வொருவரும் தன் இழப்பைத் தானே கட்டுவதாகிவிடும், சேர்ந்ததற்கு அர்த்தமில்லை. எதையும் ஏற்றாவிட்டால் கவனமாக இருக்கும் ஊர் கவனமில்லாத ஊருக்குக் கட்டிக்கொண்டே இருக்கும், மூன்றாம் ஆண்டு விலகிவிடும். பாதி என்பது வேதவாக்கு இல்லை. சின்ன உறுப்பினருக்குக் கால்பங்கு போதும், பெரியவருக்கு முக்கால் வரை போகலாம். எதுவானாலும் ஒரே ஒரு பெரிய விபத்து ஒரு சின்ன ஊரின் பங்கைத் தூக்கிவிடாதபடி, ஒரு சம்பவத்தில் 3 லட்சத்துக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை என்பது மாதிரி உச்சவரம்பு வையுங்கள்.

ஆறாம் படி: ஒப்பந்தம்

விலகும் விதியை, சேரும் விதிக்கு முன்பே எழுதுங்கள். நடு ஆண்டில் விலக முடியாது. எத்தனை மாத முன்னறிவிப்பு. விலகியவர் காலத்தில் நடந்த விபத்துக்குப் பின்னால் உத்தரவு வந்தால் யார் கொடுப்பது. நிதி போதாமல் போனால் உறுப்பினர்களிடம் கூடுதலாக எவ்வளவு வரை கேட்கலாம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

கடைசி இரண்டும் எவ்வளவு நீளமாக வால் விடும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே நகராட்சிகள் 1903-இல் தங்களுக்கென ஒரு பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனம் (உறுப்பினர்களே உரிமையாளர்களாக இருப்பது) தொடங்கின. ஒருகாலத்தில் பெரும்பாலான உள்ளாட்சிகள் அதில்தான் இருந்தன. 1992-இல் அது புதுப் பாலிசி எழுதுவதை நிறுத்தியது. பழைய க்ளெய்ம்களை மெதுவாகத் தீர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்களின் நோய்க்கான க்ளெய்ம்கள் வந்துகொண்டே இருந்தன. 2012-இல், மூடி இருபது ஆண்டு கழித்து, பழைய உறுப்பினர்களிடம் பணம் திரும்பக் கேட்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்று நீங்கள் போடும் கையெழுத்து, நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் நகராட்சியைத் தேடி வரக்கூடும். அதற்கான பணத்தை நிதியிலேயே தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டைச் சாலை போட எடுத்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

நிர்வாகக் குழுவில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு வாக்கு, க்ளெய்ம் முடிவில் சம்பந்தப்பட்ட ஊர் வாக்களிக்காது, ஆண்டுக் கணக்கு எல்லா மன்றத்திலும் வைக்கப்படும். இவ்வளவு போதும்.

ஏழாம் படி: இழப்பே வராமல் பார்ப்பது

நன்றாக நடக்கும் பூல்களில் அதிக வேலை இங்கேதான் நடக்கிறது. உறுப்பினர் ஊர்களுக்கு ஆள் அனுப்பி, வண்டியின் பிரேக் முதல் பூங்கா ஊஞ்சலின் போல்ட் வரை பார்க்கிறார்கள். சரி செய்யாதவருக்குப் பங்கு ஏறும்.

நம்மிடம் முதலில் பார்க்க வேண்டியது கழிவுநீர்த் தொட்டியும் பாதாளச் சாக்கடையும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறக்கி உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பு 10 லட்சமாக இருந்தது. இந்தத் தொகையைப் பூலில் ஒரு செலவுத் தலைப்பாக வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆள் இறங்கினால் பூல் பணம் தராது, முழுத் தொகையும் அந்த உள்ளாட்சியின் பொறுப்பு, குடும்பத்துக்கு உடனே கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதே ஒப்பந்தத்தில், இயந்திரம் இல்லாத ஊருக்குப் பக்கத்து ஊர் தன் ஜெட் ராடிங் வண்டியை (சாக்கடை அடைப்பை இயந்திரத்தால் நீக்குவது) அனுப்ப வேண்டும் என்பதையும் சேருங்கள். சேர்ந்திருப்பதால் கிடைக்கும் பெரிய பலன் அந்த வண்டிதான்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டப்படுகிறதா என்று மாதாமாதம் சலானைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் கட்டாமல் விட்டால் காயம்பட்ட நாளில் எல்லோரும் நகராட்சி வாசலில்தான் நிற்பார்கள். மழைக்காலத்துக்கு முன், செப்டம்பரிலேயே, தெருவிளக்குக் கம்பங்களின் கசிவு, கால்வாய் மூடிகள், பட்டுப்போன மரக்கிளைகள் மூன்றையும் பார்த்து முடித்துவிடுங்கள்.

இந்த ஆண்டே தொடங்கக்கூடியது

பதிவேடும் சொத்துப் பட்டியலும் தயாரானதும் நாலைந்து உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே டெண்டரில் பாலிசி வாங்குவதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டு, மேலதிகாரிகளின் அனுமதியோடு செய்ய வேண்டியது. எல்லாப் பாலிசியும் ஒரே தேதியில் முடியும்படி முதலில் ஓராண்டில் தேதிகளை ஒன்றாக்குங்கள்.

ஒன்றை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். தேர்ட் பார்ட்டி பிரீமியம் மத்திய அரசு அறிவிக்கும் விகிதம். நூறு வண்டி சேர்ந்து போனாலும் அதில் பேரம் இல்லை. வண்டியின் சொந்தச் சேதம், கட்டடம், பொதுப் பொறுப்பு, பணியாளர் குழு விபத்துப் பாலிசி ஆகியவற்றில்தான் பேச முடியும். ஐந்தாண்டுப் பதிவேட்டை நிறுவனத்திடம் நீட்டும்போது அந்தப் பேச்சுக்குக் கனம் கூடும். இழப்பு விவரம் தெரியாத வாடிக்கையாளருக்கு நிறுவனம் தன் பாதுகாப்புக்குக் கூடுதலாகத்தான் விலை வைக்கும்.

முதல் கூட்டத்துக்கான தீர்மானம் சின்னதாக இருக்கட்டும்: "இம்மன்றம், அருகிலுள்ள உள்ளாட்சிகளோடு இணைந்து, கடந்த ஐந்து ஆண்டுகளின் இழப்புப் பதிவேட்டையும் சொத்து மதிப்புப் பட்டியலையும் ஒரே படிவத்தில் தயாரித்துப் பகிர்ந்துகொள்ளவும், காப்பீட்டைக் கூட்டாகக் கொள்முதல் செய்வது குறித்து அரசின் அனுமதி கோரவும் ஒப்புதல் அளிக்கிறது." தனி அலுவலர் நிர்வாகத்தில் உள்ள இடங்களில் அவரது உத்தரவாக இதுவே போகலாம். படிவத்தை எல்லா ஊரும் ஒத்துக்கொண்ட பிறகு தீர்மானத்தை வையுங்கள்; ஆளுக்கொரு படிவத்தில் வந்த பதிவேடுகளைக் கூட்டிப் பார்க்க முடியாது.